ஸ்பிரிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எடை மேடைக்கு போங்க

எங்க சர்வீஸ் வண்டி ஒரு வருஷத்துக்கு மேல இடது பக்கம் ஒருக்களிச்சேதான் ஓடிட்டு இருந்துச்சு. பழைய டாடா 407 லாரி, பின்னாடி பாடிய எடுத்துட்டு நாங்களே வொர்க்‌ஷாப் மாதிரி கட்டுனது. திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் வண்டி எத்தன இருக்குன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல, ஆந்திரா கர்நாடகா மத்திய பிரதேசம்னு இங்கிருந்துதான் போறாங்க, அதுல ஒண்ணு நடு ரோட்டுல நின்னு போச்சுன்னா நாங்க போய் அங்கயே வெல்டிங் வச்சு, ஹோஸ் மாத்தி, ஆயில் ஊத்தி கெளப்பி விடுவோம். அதுக்கான வண்டி இது.

வண்டில என்னென்ன இருக்குன்னு சொன்னாத்தான் மேல எழுதறது புரியும். இடது பக்க ஓரத்துல ஏர் கம்ப்ரசர் டேங்கோட சேத்து 220 கிலோ, அதுக்கு பின்னாடி ஜென்செட், அதாவது கரண்டுக்கான ஜெனரேட்டர், 150 கிலோ, அதுக்கும் பின்னாடி ஆயில் பேரல், ஃபுல்லா இருந்தா பேரலோட சேத்து கிட்டத்தட்ட 190 கிலோ வரும். வலது பக்கம் டூல்ஸ் பீரோவும் வெல்டிங் மெஷினும் மட்டும், 180 கிலோ. கூட்டிப் பாருங்க, இடது பக்கம் 560, வலது பக்கம் 180. இப்படி யாராவது வைப்பாங்களான்னு கேக்கலாம், ஆனா காரணம் இருக்கு. ஹைவேல ஓரமா நிறுத்தி வேலை பாக்குறவங்களுக்கு தெரியும், வலது பக்கம் நின்னா முதுகுக்குப் பின்னாடி ஒரு முழத்துல பஸ் போகும். அதனால எந்த சாமானத்த அடிக்கடி தொடணுமோ அதயெல்லாம் இடது பக்கம் வச்சோம். பசங்க உசுரு முக்கியம், அதுல இன்னிக்கும் மாத்துக்கருத்து இல்ல.

சாயறது மொதல்ல கண்ணுக்குப் படல. டேஷ்போர்டுல வச்ச நட்டு உருண்டு உருண்டு இடது கதவு ஓரமாவே போய் நிக்கும், ஏதோ ரோடு சாய்வுன்னு விட்டுட்டோம். அப்பறம் இடது பின் சக்கரத்துல ஜோடி டயரு ரெண்டும் வலது பக்கத்த விட சீக்கிரமா தேய ஆரம்பிச்சுது. அதுக்கும் ரோட்டத்தான் சொன்னோம்.

கொல்லிமலைல ஒரு ஜேசிபி நின்னு போச்சுன்னு கூப்பிட்டாங்க. அந்த மலைப்பாதைல 70 கொண்டை ஊசி வளைவு. என் மச்சினன்தான் ஓட்டுனான். இடது பக்கம் திரும்புற வளைவுல ஒண்ணும் தெரியல, வலது பக்கம் ஒடிக்கிற ஒவ்வொரு வளைவுலயும் வண்டி இடது பக்கம் சாஞ்சு, சாஞ்சது உடனே நிமிராம ஒரு நிமிஷம் யோசிச்சு நிமிர்ற மாதிரி இருந்துச்சு. பத்துப் பதினஞ்சு வளைவு ஏறுனதும் அவன் வண்டிய ஓரங்கட்டிட்டு, "மாமா, என்னமோ கீழ இழுக்குற மாதிரி இருக்குதுங்க, நீங்க எறங்கி வெளிய இருந்து பாருங்க"ன்னான். எறங்கி பின்னாடி போய் நின்னு பாத்தேன். பாடியோட இடது கீழ் விளிம்பு டயருக்கு மேல ரெண்டு விரக்கடை கூட இல்ல. வலது பக்கம் ஒரு கை வெரிச்சு வைக்கலாம். அன்னிக்கு மீதி வளைவுல எல்லாம் நடந்து போற வேகத்துலதான் ஏறுனோம், எறங்குனோம்.

மறுநாளே பக்கத்துல ஒரு ஸ்பிரிங் பட்டறைக்கு கொண்டு போனேன். பேரு வேணாம். பாத்த உடனே "இடது பக்கம் ஒரு பிளேட் சேத்துட்டா நிமிந்துக்கும்"னு சொன்னாங்க, எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. லாரி ஸ்பிரிங்னா வளைஞ்ச இரும்பு பட்டைங்கள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன கட்டு, அந்தப் பட்டைதான் பிளேட். செட்டுல எட்டு பிளேட், ஒவ்வொண்ணும் 8 மில்லி கனம், அதுல 10 மில்லி பிளேட் ஒண்ண நல்ல வளைவோட சேத்தாங்க. வண்டி நிமிந்துச்சு. அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

அந்த சந்தோஷம் எட்டு நாள். அடுத்த டிரிப்புல ரிக்குங்களுக்கு ஆயில் ஊத்தி ஊத்தி பேரல் காலியாச்சு, திரும்பி வந்து நிறுத்துனா வண்டி இப்ப வலது பக்கம் சாஞ்சு நிக்குது! ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். பேரல நெரப்புனா நேரா நிக்குது, காலியானா வலது பக்கம் சாயுது. அதோட இடது பக்கம் மட்டும் மேடு பள்ளத்துல கட்டை வண்டி மாதிரி அடிக்குது.

அதுகூட பரவால்ல. ஒரு மாசம் கழிச்சு சங்ககிரி ரோட்டுல மச்சினன் வண்டிக்கு பின்னாடி நான் பைக்ல வந்துட்டு இருந்தேன். நேர் ரோடு. ஆனா வண்டியோட மூஞ்சி ஒரு பக்கமும் பின்புறம் வேற பக்கமுமா கோணலா போகுது, முன் சக்கரம் போற தடத்துல பின் சக்கரம் போகல, ஒரு பக்கமா விலகி ஓடுது. ஹாரன் அடிச்சு நிறுத்தி கீழ படுத்து பாத்தா இடது பின் ஸ்பிரிங்கோட பிளேட்டுங்கள நடுவுல ஒண்ணா கோக்குற சென்டர் போல்ட் அறுந்து போய், ஆக்ஸில் அந்தப் பக்கம் மட்டும் பின்னாடி நகந்து நிக்குது. பிளேட் சேத்தப்ப கட்டு உயரமாயிடுச்சு, ஆனா அந்தக் கட்ட ஆக்ஸிலோட சேத்து இறுக்குற யூ போல்ட் பழசத்தான் திரும்பப் போட்ருக்காங்க, நட்டுக்கு வெளிய ஒரு மறை கூட எட்டிப் பாக்கல. ஓட ஓட தளந்திருக்கு. தளந்த யூ போல்ட் பிளேட்டுங்கள இறுக்கிப் பிடிக்காது, அப்ப மொத்த இழுவையும் அந்த சின்ன சென்டர் போல்ட் மேலதான் விழும், அது எத்தன நாள் தாங்கும். அன்னிக்கு அது கொல்லிமலை எறக்கத்துல நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு கை கால் நடுங்குது.

அப்பறம்தான் நாமக்கல்ல ஒரு பெரியவர்கிட்ட போனேன். லாரி பட்டறைலயே தலை நரைச்சவர், அவரு பேரையும் ஊருக்கு சொல்றது அவருக்குப் பிடிக்காது, மேஸ்திரின்னே எழுதறேன். நான் போன உடனே "மேஸ்திரி, எந்தப் பக்கம் பிளேட்ட எடுக்கணும், எந்தப் பக்கம் சேக்கணும்"னு கேட்டேன். அவரு வண்டியப் பாக்கவே இல்ல, "தம்பி, மொதல்ல மேல இருக்குற சாமானம் அத்தனையும் எறக்குங்க. காலி வண்டி எப்படி நிக்குதுன்னு பாக்காம நான் எதையும் தொட மாட்டேனுங்க"ன்னாரு.

எறக்கறதுக்கே அரை நாள் ஆச்சு. சேத்த பிளேட்டையும் கழட்டிட்டு, உடைஞ்ச சென்டர் போல்ட்ட மாத்தி ஆக்ஸில எடத்துக்கு கொண்டு வந்துட்டு, வண்டிய பட்டறைக்குள்ள சிமெண்ட் தரைல நிறுத்தி, தரை மட்டமா இருக்கான்னு மட்டக்குழாய் வச்சு பாத்தாரு, ரெண்டு பக்க டயருக்கும் காத்து ஒரே அளவு வச்சாரு. அப்பறம் வண்டிய ரெண்டு தடவ முன்னாடி பின்னாடி தள்ள சொன்னாரு, பாடிய பிடிச்சு நல்லா ஆட்டி விட சொன்னாரு. ஏன்னா ஜாக்கி போட்டு எறக்குன வண்டில பிளேட்டுங்க ஒண்ணோட ஒண்ணு உரசி அங்கங்க பிடிச்சுட்டு நிக்கும், அதோட உண்மையான உயரத்துக்கு வராது. இத்தன வருஷம் வண்டி வச்சிருக்கேன், இது எனக்கு தெரியாது. அப்பறம் சாக்பீஸ்ல பாடி விளிம்புல ரெண்டு பக்கமும் ஒரு கோடு, சக்கரத்தோட நடு மையத்துல இருந்து அந்தக் கோடு வரைக்கும் டேப். காலி வண்டிலயே இடது பக்கம் 12 மில்லி தாழ்வு. "இது உங்க ஸ்பிரிங்கோட சோர்வு, ஒரு வருஷமா அந்தப் பக்கமே பாரம் தூக்கி வளைவு போயிருச்சு, மீதி சாய்வு முழுக்க சாமானத்தோடதுங்க"ன்னாரு. ஸ்பிரிங் முனைல இருக்குற ரப்பர் புஷ்ஷ, ஷேக்கிள் புஷ்ஷுன்னு சொல்வாங்க, கட்டை விரலால தடவிப் பாத்துட்டு விரல என்கிட்ட நீட்டுனாரு, கருப்பா ரப்பர் தூளு. அதையும் எழுதிக்க சொன்னாரு.

எல்லாத்தையும் பழையபடியே ஏத்தி, பேரல் ஃபுல்லா வச்சு அளந்தா 60 மில்லி. அதுல 12 ஸ்பிரிங் சோர்வு, 48 சாமானம் வச்ச விதம். எனக்கு தலைல அடிச்ச மாதிரி இருந்துச்சு, அஞ்சுல நாலு பங்கு ஸ்பிரிங்கோட தப்பே இல்ல, நாங்க ஸ்பிரிங்கத்தான் திட்டிட்டு இருந்தோம்.

அடுத்தது எடை மேடை. முழு வண்டிய எடை போடறது எல்லாரும் செய்யறது, அதுல எந்தப் பக்கம் எவ்வளவுன்னு தெரியாது. தரையோட மட்டமா இருக்குற மேடையா பாத்து, ஆளு கம்மியா இருக்குற மத்தியான நேரத்துல போய், மேடைக்காரர்கிட்ட சொல்லிட்டு, மூணு தடவ போடணும். ஒரு தடவ முழு வண்டி. ஒரு தடவ இடது சக்கரம் மட்டும் மேடை மேல, வலது சக்கரம் வெளிய தரைல. ஒரு தடவ அப்படியே மாத்தி. இடதும் வலதும் கூட்டுனா முழு எடைக்கு பத்து இருபது கிலோ வித்தியாசத்துல வரணும், வந்தா அளவு சரி, வரலைன்னா தரை மட்டம் இல்லன்னு அர்த்தம், வேற மேடை பாருங்க. எங்களுக்கு மொத்தம் 3,980, இடது 2,140, வலது 1,840. முன்னூறு கிலோ வித்தியாசம்.

இப்ப கணக்கு. நான் ஐடிஐ படிச்சவன், ஆனா இத மேஸ்திரி சொன்ன விதத்துலதான் எனக்கு உள்ள எறங்குச்சு. பழனிக்கு காவடி தூக்கிட்டு போறவங்கள பாத்திருப்பீங்க, ஒரு பக்க சொம்புல பால் அதிகமா இருந்தா என்ன பண்ணுவாங்க, தோள அந்த கனமான சொம்பு பக்கம் கொஞ்சம் நகத்திக்குவாங்க. கனம் மாறல, தூரம்தான் மாறுது. எடை மட்டும் பாத்தா பத்தாது, நடுவுல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்குங்கறது எடைய பெருக்கும். எங்க சாமானமெல்லாம் நடுக்கோட்டுல இருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்துச்சு. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 380 கிலோ, 600 மில்லியால பெருக்குனா 2,28,000. இத மனசுல வச்சுக்கங்க.

இதுல நான் ரொம்ப நாள் கவனிக்காத ஒண்ணு என்னன்னா, பின் ஆக்ஸில்ல சக்கரத்துக்கு சக்கரம் தூரம் வேற, ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் தூரம் வேற. டேப் வச்சு பாத்தா சக்கரம் 1,600 மில்லி, ஸ்பிரிங் 900 மில்லிதான். பெரிய தாம்பாளத்த ரெண்டு ஓரத்துலயும் பிடிச்சா ஒரு பக்கம் தேங்காய் இருந்தாலும் சமாளிக்கலாம், ரெண்டு கையையும் நடுவுல நெருக்கி வச்சு பிடிச்சுப் பாருங்க, ஒரு எலுமிச்சம்பழத்துக்கே சாயும். அதே கதைதான். 2,28,000-த்த 900-ஆல வகுத்தா 253, அதாவது இடது ஸ்பிரிங் 253 கிலோ கூட தாங்குது, வலது 253 கம்மியா தாங்குது, ரெண்டுக்கும் நடுவுல 507 கிலோ வித்தியாசம். டயருல வெறும் 300 கிலோ வித்தியாசம்னு எடை மேடை சொல்லுது, ஸ்பிரிங்குக்கு அது 500. எங்க ஸ்பிரிங் ஒவ்வொண்ணும் ஒரு மில்லி அமுங்க 17 கிலோ வேணும், சாமான் ஏத்துறதுக்கு முன்னாடியும் ஏத்துன அப்பறமும் அளந்து போட்ட கணக்கு. 507-ஐ 17-ஆல வகுத்தா 30 மில்லி, பாடியோட அகலம் ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் தூரத்த விட ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல இருக்குறதால ஓரத்துல அது 63 மில்லியா வரணும். வந்தது 48. மீதிய முன் ஸ்பிரிங்குங்க சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம் வழியா தாங்கிக்குது. கணக்கும் டேப்பும் இவ்வளவு கிட்ட வந்தப்ப எனக்கு புல்லரிச்சுதுன்னு சொன்னா நம்புங்க.

இதுல இருந்து மேஸ்திரி ஒரே ஒரு விஷயத்த திரும்பத் திரும்ப சொன்னாரு. ஸ்பிரிங்கால வண்டிய நிமித்தலாம், பாரத்த ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு மாத்தவே முடியாது. இடது பக்கம் பிளேட் சேத்து பாடிய நேரா நிறுத்துன அன்னிக்கும், எடை மேடைல போட்டிருந்தா இடது டயருங்க அதே 2,140 கிலோவதான் தூக்கிட்டு இருந்திருக்கும். கண்ணுக்கு நேரா தெரியும், டயரு அதே மாதிரி தேயும், வளைவுல அதே மாதிரி இழுக்கும். எங்க வண்டியோட பாரம் நடுவுல இருந்து 6 சென்டிமீட்டர் இடது பக்கம் தள்ளி நின்னுச்சு, சக்கரத்துக்கும் நடுவுக்கும் 80 சென்டிமீட்டர்தான், அப்ப அந்தப் பக்கம் கவிழறதுக்கு இருக்குற எல்லைல 7, 8 சதவீதம் சும்மாவே போச்சு, சாய்வுனால போறது தனி. கொல்லிமலைல மச்சினனுக்கு தெரிஞ்சது அதுதான்.

அதோட ரோட்டையும் சேத்துக்கங்க. மழைத்தண்ணி ஓடறதுக்காக ரோட்ட நடுவுல ஒசத்தி ஓரத்துல தாழ்த்திதான் போடுவாங்க, நூத்துக்கு ரெண்டு ரெண்டரை. நாம இடது பக்கம் ஓட்டுறோம், அதனால எந்நேரமும் வண்டி ஓரத்தப் பாத்து சாஞ்சுதான் போகுது, 1,600 மில்லி அகலத்துக்கு 40 மில்லி வரைக்கும். இடது பக்கம் பாரம் வச்ச வண்டிக்கு ரெண்டும் ஒண்ணா சேருது. நிவர்த்தி பண்ணவே முடியாத ஒரு சின்ன வித்தியாசம் இருந்துச்சுன்னா அது வலது பக்கம் இருக்கட்டும்.

சரி, சாமானத்த எப்படி மாத்துனோம். ஆயில் பேரல்தான் மொதல்ல. அது நிறையும், காலியாகும், டெய்லி மாறும். மாறுற பாரத்துக்கு ஸ்பிரிங்ல தீர்வே கெடையாது, அத நடுக்கோட்டுல வைக்கணும். கேபினுக்கு பின்னாடி சரியா நடுவுல தொட்டில் மாதிரி ஆங்கிள் அடிச்சு உக்கார வச்சோம், இப்ப அது ஃபுல்லா இருந்தா ரெண்டு ஸ்பிரிங்கும் சமமா எறங்கும், காலியானா சமமா ஏறும். கம்ப்ரசர் இடது பக்கமே இருக்கட்டும்னுட்டோம், காத்து ஹோஸ் அங்கதான் வேணும், ஆளு ரோட்டுப் பக்கம் போகக் கூடாது. மாத்த முடிஞ்சது ஜென்செட்தான், ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணா வேலை முடியற வரைக்கும் அத யாரும் தொடறதில்ல, வயர நீட்டிக்கலாம். அத எங்க வைக்கறதுன்னு மேஸ்திரி தரைல சாக்பீஸ்லயே கணக்கு போட்டாரு. இடது பக்கம் கம்ப்ரசர் 220-ஐ 600-ஆல பெருக்கி 1,32,000. காலி வண்டியோட சொந்த வித்தியாசம், எடை மேடை கணக்குல இருந்து எடுத்தது, ஒரு 12,000. வலது பக்கம் பீரோவும் வெல்டிங் மெஷினும் 1,08,000. பத்தாம இருக்குறது 36,000, அத ஜென்செட்டோட 150-ஆல வகுத்தா 240. நடுக்கோட்டுல இருந்து வலது பக்கம் 24 சென்டிமீட்டர், அவ்வளவுதான். நான் முழுசா வலது ஓரத்துக்கு தள்ளணும்னு நெனச்சிருந்தேன், தள்ளியிருந்தா வலது பக்கம் சாஞ்சிருக்கும்.

திரும்பவும் எடை மேடைக்கு போனோம். இடது 2,000, வலது 1,980. அந்தச் சீட்ட மடிச்சு ஆர்சி புக்குக்குள்ள வச்சிருக்கேன்.

இதுக்கப்பறம்தான் மேஸ்திரி ஸ்பிரிங்க தொட்டாரு. மிச்சம் இருந்தது அந்த 12 மில்லி சோர்வு. இடது பக்கம் மட்டும் சரி பண்ணா போதாதான்னு கேட்டேன், "ஜோடி மாடு மாதிரிங்க தம்பி, ஒண்ணுக்கு மட்டும் தீனி போடக் கூடாது"ன்னு சொல்லிட்டு ரெண்டு செட்டையும் பிரிச்சு ஒவ்வொரு பிளேட்டா வளைவு ஏத்தி ஒரே அளவுக்கு கொண்டு வந்தாரு. பச்சையா அடிச்சுதான் வளைச்சாரு, கேஸ் வச்சு சூடு காட்டல. சூடு காட்டுனா சுலபமா வளையும், ஆனா அந்த எடத்துல இரும்போட பதம் போயிரும், கொஞ்ச நாள்ல அங்கயே படுத்துக்கும் இல்ல உடையும். கேஸ் வச்சு வளைக்கிறத கண்டா அந்த எடத்த விட்டு வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

பிளேட் சேக்கறதப் பத்தி தனியா ஒண்ணு சொல்லணும், ஏன்னா எல்லாரும் கேக்குறது அதுதான். கனம் கொஞ்சம் கூடுனா பலம் ரொம்ப கூடும். 8 மில்லி பிளேட்டுக்கும் 10 மில்லி பிளேட்டுக்கும் பாத்தா ரெண்டே மில்லிதான் வித்தியாசம், ஆனா விறைப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கனத்த அதே கனத்தால மூணு தடவ பெருக்கணும், 8x8x8 512, 10x10x10 1,000. எங்களுக்கு மொதல்ல சேத்த அந்த ஒத்த 10 மில்லி பிளேட், ரெண்டு பிளேட் சேத்ததுக்கு சமம். ஒரு பக்கத்துல நிரந்தரமா எறக்கவே முடியாத பாரம் இருக்குன்னா, உதாரணத்துக்கு ஓரத்துல கிரேன் பூட்டுன வண்டி, அங்க அந்தப் பக்கத்துக்கு விறைப்பு கூட வைக்கிறதுல தப்பில்ல, கனத்துக்கு ஏத்த விறைப்பு இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடி அடங்கும். பாரம் வந்து போறதா இருந்தா அது ஆகாது.

ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல கட்டை வைக்கிறதும் நிறைய பேரு செய்யறாங்க. அது உயரத்த மட்டும் குடுக்கும், விறைப்ப குடுக்காது. 6 மில்லி தகடு வச்சா எங்க வண்டி மாதிரி வண்டில பாடி ஓரத்துல 12, 13 மில்லி நிமிரும். பின்னாடி வைக்கலாம், நீளமான புது யூ போல்ட்டோட. முன் ஆக்ஸில்ல வேண்டவே வேண்டாம், பிரேக் அடிக்கும்போது அந்தக் கட்டை மேல வர்ற முறுக்குக்கு கட்டை நழுவுச்சுன்னா ஸ்டீயரிங் உங்க கைல இருக்காது.

இன்னொண்ணு, ஒரு மூலைய தூக்குனா அந்த மூலையோட முடியாது. முக்காலி எங்க போட்டாலும் ஆடாது, நாலு கால் டேபிள்தான் ஆடும். ஆடுற டேபிளுக்கு ஒரு கால் கீழ அட்டைய மடிச்சு வைக்கிறோமே, அளவுக்கு மேல மடிச்சு வச்சா என்ன ஆகும், அந்தக் காலும் அதுக்கு கோணத்துல எதிர்ல இருக்குற காலும் பாரத்த வாங்கிக்கும், மத்த ரெண்டும் தூக்கிக்கும். வண்டிலயும் இடது பின்னாடி தூக்குனா வலது முன் சக்கரத்துல பாரம் ஏறும், இடது முன்னாடி கொறையும். பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்குது, மழைல முன் சக்கரம் ஒண்ணு மட்டும் வழுக்குதுன்னு சொல்றவங்க, பின்னாடி சமீபத்துல என்ன பண்ணோம்னு யோசிச்சுப் பாருங்க. எங்களுக்கும் அந்த பிளேட் சேத்த மாசத்துல பிரேக் ஒரு பக்கம் இழுத்துச்சு, நாங்க பிரேக் ஷூவ மாத்திட்டு இருந்தோம்.

பிரேக்னு சொன்னதும் ஞாபகம் வருது, சில வண்டில பின் ஆக்ஸில்ல இருந்து ஒரு கம்பி சேசிஸ்ல இருக்குற பிரேக் வால்வுக்கு போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்குன்னு பாத்துதான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடணும்னு முடிவு பண்ணும். பிளேட் சேத்து பின்பக்கத்த ஒசத்திட்டீங்கன்னா லோடு ஏத்துன வண்டியையே காலி வண்டின்னு நெனச்சு பின் பிரேக்க கொறச்சிரும். ஸ்பிரிங் வேலை எது பண்ணாலும் அந்தக் கம்பிய கம்பெனி அளவுக்கு திரும்ப செட் பண்ண சொல்லுங்க, கேட்டு வாங்குங்க.

எங்க ஊருல முட்டை வண்டி ஓட்டுற நண்பன் ஒருத்தன் இருக்கான், ஒவ்வொரு கடையா எறக்கிட்டே போறப்ப கைக்கு எட்டுற பக்கத்துல இருந்தே அட்டைய எடுப்பாங்க, பாதி வழில வண்டி மறுபக்கம் சாயும், நிறுத்தி அட்டைய மாத்தி அடுக்கிட்டுதான் போவான். இந்த மாதிரி பாரம் மாறிட்டே இருக்குற சின்ன வண்டிக்கு ஸ்பிரிங்குக்கு தொணையா ஏர் பேக், அதாவது காத்தடைச்ச ரப்பர் பை பூட்டுறாங்க. நல்ல விஷயம்தான், ஆனா ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி டியூப், தனித்தனி வால்வு போட சொல்லுங்க. செலவு கொறையும்னு ஒரே டியூப்ல ரெண்டையும் கோத்துட்டா, பாரம் இருக்குற பக்கம் அமுங்கி காத்து மறுபக்கத்துக்கு ஓடிரும், கனமான பக்கம் இன்னும் எறங்கும், லேசான பக்கம் இன்னும் ஏறும். வளைவுலயும் அதேதான் நடக்கும். சாய்வ நிறுத்த பூட்டுனது சாய்வ வளத்து விடும்.

எங்க வண்டிக்கு ஏர் பேக் தேவைப்படல. புது யூ போல்ட் எட்டு, சென்டர் போல்ட் நாலு, ஷேக்கிள் புஷ் முழு செட்டு, இவ்வளவுதான் வாங்குனது. யூ போல்ட்ட வண்டி பாரம் டயரு மேல எறங்குன பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்குனாரு, 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப வர சொல்லி மறுபடி முறுக்குனாரு. அந்த ரெண்டாவது தடவ நட்டு ஒவ்வொண்ணும் கால் சுத்து போச்சு, நான் கண்ணால பாத்தேன். பிரிச்சு பூட்டுன பிளேட்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து படிய கொஞ்ச தூரம் ஓடணும், படிஞ்சதும் பிடி தளரும், அந்த முறுக்க யாரும் விட்றாதீங்க.

போன வாரம் கொல்லிமலைக்கு திரும்ப ஒரு அழைப்பு வந்துச்சு. மச்சினன்தான் ஓட்டுனான், நான் பக்கத்துல. ஏறுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல. வலது பக்கம் ஒடிக்கிற ஒரு வளைவுல ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சுட்டு என்னத் திரும்பிப் பாத்தான். டேஷ்போர்டுல நான் வேணும்னே வச்ச நட்டு கொஞ்சம் இடது பக்கம் உருண்டு, வளைவு முடிஞ்சதும் நடுவுக்கு வந்து நின்னுச்சு. மேல போய் வேலைய முடிச்சுட்டு எறங்குறதுக்கு முன்னாடி பேரல் பாதிக்கு மேல காலி, மட்டமான எடமா பாத்து நிறுத்தி டேப் வச்சேன். 4 மில்லி.

மேஸ்திரி பாடி விளிம்புல போட்ட சாக்பீஸ் கோடு அழிஞ்சிரும்னு அது மேலயே வெள்ளை பெயிண்டால கோடு இழுத்து வச்சிருக்கேன். மாசம் ஒண்ணாந்தேதி காத்து செக் பண்ணும்போது சக்கர மையத்துல இருந்து அந்தக் கோடு வரைக்கும் நாலு மூலையும் அளந்து நோட்டுல எழுதறோம், இப்ப மச்சினனே எழுதறான். உங்க வண்டியும் ஒரு பக்கம் சாயுதுன்னா காலி அளவு, லோடு அளவு, எடை மேடையோட மூணு சீட்டு, ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் தூரம், இதெல்லாம் எடுத்து வச்சுட்டு கேளுங்க, கணக்கு போட நானும் கூட உக்காருறேன்.